பதரும் மணியும்: சங்கத்தின் மின்னஞ்சல் பெட்டிகளுக்கு ஒரு சுளகு

இடம்பெயர்ந்து வாழும் குடும்பத்துக்கு நிலையான முகவரி என்று ஒன்று இருப்பதில்லை. முகாம், உறவினர் வளவு, வாடகை வீடு, தற்காலிகக் கொட்டில் என்று இருப்பிடம் மாறும்போதெல்லாம் தபாற்காரர் தேடிவரும் முகவரியும் மாறிவிடுகின்றது. பழைய இடத்துக்கு வந்த கடிதம் திரும்பிப் போகும். அல்லது எவருடைய கையிலோ தங்கிவிடும். இந்நிலையில், எங்கே போனாலும் எம்மோடு கூட வரக்கூடிய முகவரிகள் இரண்டுதான். ஒன்று கைத்தொலைபேசி இலக்கம். மற்றது மின்னஞ்சல் முகவரி.

ஆகவேதான் கமக்காரர் சங்கங்கள், மகளிர் அமைப்புகள், விதை வங்கிகள் சில, தமக்கென ஓர் இணையப் பெயரை வாங்கி, அதன் கீழ்த் தலைவருக்கு ஒன்று, செயலாளருக்கு ஒன்று, பொருளாளருக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று எனப் பல மின்னஞ்சல் பெட்டிகளை வைத்துக்கொள்கின்றன. காணி பற்றிய கடிதம், நட்டஈட்டுப் படிவம், கடன் அனுமதி, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பும் செய்தி ஆகியன இப்பெட்டிகளுக்கே வருகின்றன. அவற்றோடு சேர்ந்து வேண்டாத கடிதங்களும் வந்து குவிகின்றன. இப்பெட்டிகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரு வடிகட்டியை எவ்வாறு ஒழுங்கு செய்வது என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

குப்பை அஞ்சல் எங்கிருந்து வந்தது?

கேளாமலே பலருக்கும் ஒரேயடியாக அனுப்பப்படும் மின்னஞ்சலைக் குப்பை அஞ்சல் என்கிறோம். ஆங்கிலத்தில் வழங்கும் 'ஸ்பாம்' என்ற சொல் 1937ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த தகரத்தில் அடைத்த இறைச்சியின் பெயர். 1970இல் பிரித்தானியத் தொலைக்காட்சியில் வந்த ஒரு நகைச்சுவை நாடகத்தில், ஒரு சாப்பாட்டுக் கடையில் எதைக் கேட்டாலும் அந்த இறைச்சி சேர்ந்தே வரும். வேண்டாம் என்றாலும் விடாது. அதிலிருந்தே இப்பெயர் மின்னஞ்சலுக்கு ஒட்டிக்கொண்டது.

முதற் குப்பை அஞ்சல் என்று பலரும் குறிப்பிடுவது 1978 மே மாதத்தில் அனுப்பப்பட்ட ஒன்றாகும். அமெரிக்கக் கணனி நிறுவனம் ஒன்றின் விற்பனையாளர், அன்றைய ஆர்பாநெற் வலையமைப்பில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்குத் தமது கணனிகளைக் காணவருமாறு ஒரே கடிதத்தை அனுப்பினார். 1994 ஏப்ரலில், அமெரிக்காவின் அரிசோனாவைச் சேர்ந்த சட்டத்தரணிகள் இருவர், அந்நாட்டின் குடிவரவுச் சீட்டிழுப்புக்கு விண்ணப்பித்துத் தருவதாக ஆயிரக்கணக்கான இணையக் கலந்துரையாடற் குழுக்களில் விளம்பரம் இட்டனர். இன்றும் அச் சீட்டிழுப்பின் பெயரைச் சொல்லிப் பணம் பறிக்கும் கடிதங்கள் எமது மக்களுக்கு வருகின்றன. ஊரை விட்டு வெளிக்கிட வேண்டிய நிலையில் உள்ளவர்களின் ஆசையும் அவதியுமே இவர்களுக்கு முதல்.

இரண்டு விதமான இழப்பு

குப்பை அஞ்சலைத் தடுக்க முற்படும்போது இரண்டு தவறுகள் நேரலாம். பதர் மணியோடு கலந்து உள்ளே வருவது ஒன்று. மணி பதரோடு சேர்ந்து வெளியே போவது மற்றது. சுளகு பிடிக்கத் தெரிந்த எந்தப் பெண்ணும் இதை அறிவாள். காற்றுக்கு எதிராக மெல்லப் புடைத்தால் கொஞ்சப் பதர் தங்கும். வேகமாகப் புடைத்தால் பதர் முழுவதும் போகும், நெல்லும் போகும்.

எமக்கு இவ்விரண்டும் சமமான இழப்பு அல்ல. வேண்டாத கடிதம் ஒன்று உள்ளே வந்தால் அதை அழிக்க ஒரு கணம் போதும். ஆனால் காணி விசாரணைக்கு வருமாறு பிரதேச செயலகம் அனுப்பிய கடிதம் குப்பைப் பெட்டியில் விழுந்து, எவரும் பாராமல் திகதி கடந்துவிட்டால், அந்த இழப்பை யார் ஈடுசெய்வது? எனவே எமது முதல் விதி இதுதான்: சந்தேகத்துக்குரிய கடிதம் ஒதுக்கி வைக்கப்பட வேண்டும், ஒருபோதும் தானாக அழிக்கப்படக் கூடாது.

ஒரு குளம், பல வயல்கள்

சங்கத்தின் பெட்டிகள் பலவாயினும் அவை எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஒரு குளத்திலிருந்தே வருகின்றது. அக் குளம், இணையப் பெயரையும் பெட்டிகளையும் வாடகைக்குத் தரும் நிறுவனத்தின் கணனியாகும். இதனை வழங்கி என்கிறோம். எமது பெயருக்கு வரும் அஞ்சலை எந்த வழங்கியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதை, எம்.எக்ஸ். பதிவு என்னும் ஒரு சிறு குறிப்பு உலகுக்கு அறிவிக்கின்றது.

வடிகட்டியை மூன்று இடங்களில் வைக்கலாம்.

முதலாவது, குளத்துக்கு மேலே. எம்.எக்ஸ். பதிவை மாற்றி, அஞ்சல் முழுவதும் முதலில் ஒரு வடிகட்டும் சேவைக்குப் போய், பின்னர் எமது வழங்கிக்கு வருமாறு செய்யலாம். பெரிய நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. இதற்கு மாதக் கட்டணம் உண்டு.

இரண்டாவது, குளத்தின் துருசில். அதாவது வழங்கியிலேயே வடிகட்டுவது. ஒருமுறை ஒழுங்கு செய்தால் எல்லாப் பெட்டிகளுக்கும் பயன் தரும். பெரும்பாலான வாடகை வழங்கிகளில் இவ்வசதி ஏற்கெனவே உண்டு. மேலதிகப் பணம் தேவையில்லை. சிறிய சங்கத்துக்கு இதுவே உகந்தது.

மூன்றாவது, ஒவ்வொரு வயலின் வாய்க்காலில். அதாவது ஒவ்வொருவரின் தொலைபேசியிலோ கணனியிலோ வடிகட்டுவது. இது மட்டும் இருந்தால் ஆறு பெட்டிக்கு ஆறு வேலை. ஒருவர் செய்வார், மற்றவர் செய்யார். துருசிலே வடிகட்டியபின் மிஞ்சுவதைப் பிடிக்க இது துணையாக இருக்கலாம்.

வடிகட்டி எப்படித் தீர்மானிக்கின்றது?

முதலில், கடிதத்தைக் கொண்டுவரும் கணனி யாருடையது என்று பார்க்கின்றது. குப்பை அனுப்பும் கணனிகளின் பட்டியல்களைச் சில அமைப்புகள் பேணிவருகின்றன. 1998இல் தொடங்கிய ஸ்பாம்ஹவுஸ் அவற்றுள் ஒன்று. அப்பட்டியலில் உள்ள கணனியைப் பல வழங்கிகள் படலையிலேயே மறித்துவிடும்.

அடுத்து, அனுப்பியவர் தாம் சொல்லும் ஆள்தானா என்று பார்க்கின்றது. இதற்கு மூன்று ஒழுங்குகள் உள்ளன. எஸ்.பி.எவ். என்பது, எமது பெயரில் கடிதம் கொண்டுசெல்ல எந்த வழங்கிகளுக்கு அனுமதி உண்டு என்று நாம் பகிரங்கமாக இடும் பட்டியல். டி.கே.ஐ.எம். என்பது, கடிதத்தின்மேல் எமது வழங்கி பதிக்கும் முத்திரை. இடையில் எவரேனும் கடிதத்தை மாற்றினால் முத்திரை பொருந்தாது. டிமார்க் என்பது, இவ்விரண்டும் பொருந்தாத கடிதத்தை என்ன செய்யலாம் என்று பெறுபவருக்கு நாம் விடுக்கும் அறிவுறுத்தல்.

மூன்றாவதாக, கடிதத்தின் உள்ளே பார்த்துப் புள்ளி இடுகின்றது. வாடகை வழங்கிகளில் பரவலாகக் காணப்படும் 'ஸ்பாம் அசாசின்' என்னும் இலவச மென்பொருள் 2001இல் வெளிவந்தது. அது நூற்றுக்கணக்கான சிறு சோதனைகளைச் செய்து ஒவ்வொன்றுக்கும் புள்ளி சேர்க்கின்றது. எடுத்துக்காட்டாக, தலைப்பு ஐயத்துக்குரியதாக இருந்தால் 1.2, இணைப்பு கெட்ட பெயர் எடுத்த ஒரு தளத்துக்குப் போனால் 2.4, அனுப்பியவர் முகவரி பொருந்தாவிட்டால் 1.8 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 5.4. வழமையான எல்லை 5 ஆகையால் அக்கடிதம் குப்பை என்று குறிக்கப்படும். ஒரு குறை மட்டும் உள்ள நல்ல கடிதம் தப்பிவிடும். இதுவே புள்ளி முறையின் நன்மை.

நான்காவதாக, வடிகட்டி எம்மிடமிருந்தே கற்றுக்கொள்கின்றது. தோமஸ் பேய்ஸ் என்பவர் 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒரு திருச்சபையின் போதகராக இருந்தவர். கணிதத்திலும் வல்லவர். புதிய சான்று கிடைக்கும்போது எமது ஊகத்தை எவ்வளவு திருத்த வேண்டும் என்று காட்டும் அவரது கட்டுரை, அவர் இறந்தபின் 1763இல் அச்சேறியது. அதே கணக்கைக் கொண்டு, இந்தச் சொல் குப்பைக் கடிதங்களில் எத்தனை முறை, நல்ல கடிதங்களில் எத்தனை முறை வந்தது என்று எண்ணி வடிகட்டி முடிவு செய்கின்றது. 2002இல் போல் கிரஹாம் என்னும் அமெரிக்கக் கணனி அறிஞர் எழுதிய கட்டுரைக்குப் பின் இம்முறை பரவலாயிற்று. ஆனால் இதற்குப் பாடம் வேண்டும். ஸ்பாம் அசாசினின் இப்பகுதி, வழமையான அமைப்பில், 200 குப்பைக் கடிதங்களையும் 200 நல்ல கடிதங்களையும் கண்ட பின்பே தீர்ப்புச் சொல்லத் தொடங்கும்.

ஒழுங்கு செய்யும் படிகள்

கீழ்வரும் படிகள் சீபனல் என்னும் நிர்வாகப் பலகை உள்ள வழங்கிகளுக்குப் பெரிதும் பொருந்தும். வேறு பலகையாயின் பெயர்கள் மாறலாம், வேலை ஒன்றே.

1. பட்டியல் இடுங்கள். எத்தனை பெட்டிகள் உள்ளன, ஒவ்வொன்றையும் யார் பார்க்கிறார், தொலைபேசியிலா கணனியிலா பார்க்கிறார் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். எவரும் பாராத பெட்டியை மூடிவிடுங்கள். பாழடைந்த வளவில்தான் பாம்பு குடியேறும்.

2. இல்லாத முகவரிக்கு வருவதை ஏற்காதீர்கள். சில வழங்கிகளில், எமது பெயரின் முன் எவர் எதை எழுதி அனுப்பினாலும் அது ஒரு பெட்டியில் வந்து விழும்படி அமைந்திருக்கும். குப்பை அனுப்புவோர் ஊகித்து எழுதும் பெயர்களும் அதில் வந்து சேரும். இதனை, பிழைச் செய்தியுடன் மறுக்கும்படி மாற்றுங்கள்.

3. ஸ்பாம் வடிகட்டியை இயக்குங்கள். எல்லையை 5 என்றே விடுங்கள். இலக்கம் குறையக் குறையச் சுளகு வேகமாகப் புடைக்கும் என்பதை நினைவில் வையுங்கள். குப்பையைத் தனிப் பெட்டியில் இடும் தெரிவை இயக்குங்கள். தானாக அழிக்கும் தெரிவு நிறுத்தப்பட்டுள்ளதா என்று இரண்டு முறை பாருங்கள். சீபனலில் இந்த ஒழுங்கு அக்கணக்கின் கீழுள்ள எல்லாப் பெட்டிகளுக்கும் ஒருங்கே பொருந்தும்.

4. நம்பிக்கைப் பட்டியல் எழுதுங்கள். பிரதேச செயலகம், கமநல சேவை நிலையம், வங்கி, உதவி நிறுவனம், வெளிநாட்டிலுள்ள உறவினர் ஆகியோரின் முகவரிகளை ஒவ்வொன்றாக இடுங்கள். ஜீமெயில் முகவரி எல்லாவற்றையும் நம்பு என்று ஒருபோதும் எழுதாதீர்கள். அது வேலியைப் பிடுங்கி எறிவதற்குச் சமம். நம்பிக்கைப் பட்டியலில் உள்ள முகவரியையும் பிறர் போலியாக எழுதலாம் என்பதால் பட்டியல் சுருக்கமாக இருக்கட்டும்.

5. தனிச் சொற்களைத் தடைசெய்யாதீர்கள். 'கடன்', 'விசா', 'பரிசு' போன்ற சொற்கள் உள்ள கடிதத்தைத் தள்ளிவிடு என்று கட்டளையிட இலகுவாக இருக்கும். ஆனால் கடன் சங்கத்துக்குக் கடன் என்ற சொல் இல்லாத கடிதம் எங்கே வரும்?

6. தமிழைத் தடுக்காதிருக்கப் பாருங்கள். சில வடிகட்டிகளில் இன்ன மொழிக் கடிதம் மட்டும் போதும் என்னும் தெரிவு உண்டு. அதில் ஆங்கிலத்தை மட்டும் குறித்தால் தமிழ், சிங்களக் கடிதங்களுக்குப் புள்ளி கூடும். அத் தெரிவைத் தொடாமல் விடுதலே நன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதம் இயந்திரத்துக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். ஆகவே கடிதங்களை யூனிகோட்டில் எழுதும்படி உறுப்பினரைப் பழக்குங்கள்.

7. பெட்டிக்குப் பெட்டி வேறுபாடு வேண்டுமாயின் இறுதியில் செய்யுங்கள். சீபனல் வழங்கிகளில் வடிகட்டி, கடிதத்தின் தலைப்பகுதியில் ஒவ்வொரு முழுப் புள்ளிக்கும் ஒரு கூட்டல் அடையாளம் இடுகின்றது. பணம் கையாளும் பொருளாளரின் பெட்டிக்கு மட்டும், நான்கு கூட்டல் அடையாளம் இருந்தாலே ஒதுக்கி வை என்று ஒரு விதி எழுதலாம். பொதுமக்கள் எழுதும் அலுவலகப் பெட்டியை வழமைபோலவே விடுங்கள்.

8. ஐமாப் முறையில் இணையுங்கள். தொலைபேசியையும் கணனியையும் பெட்டியுடன் இணைக்க ஐமாப், பொப் என இரு முறைகள் உண்டு. பொப் முறை வரவுப் பெட்டியை மட்டுமே இறக்கும். வழங்கியிலுள்ள குப்பைப் பெட்டி கண்ணிற் படாது. ஒதுக்கிய கடிதத்தைப் பாராவிட்டால் ஒதுக்கியும் பயனில்லை.

9. எல்லாவற்றையும் ஒருவருடைய தனிப்பட்ட பெட்டிக்குத் திருப்பி விடாதீர்கள். திருப்பும்போது எஸ்.பி.எவ். சோதனை முறிந்துவிடும். அத்தோடு, குப்பையும் எமது வழங்கியிலிருந்தே போவதாகத் தோன்றி எமது பெயர் கெடும். ஐமாப் முறையில் ஒரே கருவியில் பல பெட்டிகளைப் பார்க்கலாம்.

10. சோதித்துப் பாருங்கள். வெளியிலுள்ள ஒரு முகவரியிலிருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சாதாரண கடிதம் அனுப்புங்கள். ஸ்பாம் அசாசினைச் சோதிப்பதற்கென்றே 1000 புள்ளி பெறும் ஒரு நிர்ணயித்த வரி உண்டு. வழங்கி நிறுவனத்திடம் கேட்டால் அதைத் தருவார்கள். முதற் கடிதம் வரவுப் பெட்டியிலும் இரண்டாவது குப்பைப் பெட்டியிலும் விழ வேண்டும்.

யார் பார்ப்பது?

வடிகட்டியை வைத்ததோடு வேலை முடிவதில்லை. குளத்தைக் கட்டியவர்கள் துருசுக்கு ஆள் வைக்காமல் போவதுண்டா? முதல் மாதம் முழுவதும் ஒவ்வொரு நாளும், அதன்பின் கிழமைக்கு இரண்டு முறை, ஒவ்வொரு குப்பைப் பெட்டியையும் ஒருவர் திறந்து பார்க்க வேண்டும். நல்ல கடிதம் இருந்தால் 'இது குப்பை அல்ல' என்று குறித்து வரவுப் பெட்டிக்கு மாற்றவேண்டும். வரவுப் பெட்டியில் குப்பை இருந்தால் வெறுமனே அழியாமல் குப்பைப் பெட்டிக்கு நகர்த்தவேண்டும். சில வழங்கிகளில் இந்த நகர்த்தலே வடிகட்டிக்குப் பாடமாகின்றது. உங்கள் வழங்கியில் அப்படியா என்று நிறுவனத்திடம் கேட்டறியுங்கள். தவறிப்போன நல்ல கடிதங்களின் எண்ணிக்கையைக் கொப்பியில் குறித்து வந்தால், எல்லையைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை வாக்குவாதமின்றி முடிவு செய்யலாம். ஜீமெயில் பாவிப்போர் ஒன்றைக் கவனிக்கவும்: அங்கே குப்பைப் பெட்டியில் உள்ளவை 30 நாட்களின் பின் தாமாகவே அழிந்துவிடும்.

அறிமுகமற்ற குப்பைக் கடிதத்தில் உள்ள 'என்னைப் பட்டியலிலிருந்து நீக்கு' என்ற இணைப்பை அழுத்த வேண்டாம். இம்முகவரியில் ஆள் இருக்கிறார் என்பதை நாமே அறிவிப்பதாக அது முடியலாம்.

எமது கடிதமும் பதராகலாம்

நாம் பிறரைப் புடைப்பது போலப் பிறரும் எம்மைப் புடைக்கின்றனர். சங்கம் உதவி நிறுவனத்துக்கு அனுப்பிய விண்ணப்பம் அவர்களது குப்பைப் பெட்டியில் கிடந்தால் பதில் வராது. நாமோ அவர்கள் எம்மைப் புறக்கணித்ததாக மனம் கசந்திருப்போம். ஆகவே எஸ்.பி.எவ்., டி.கே.ஐ.எம். ஆகிய இரண்டும் எமது பெயருக்குச் சரியாக உள்ளனவா என்று நிர்வாகப் பலகையில் பாருங்கள். டிமார்க் பதிவை முதலில் கண்காணிப்பு நிலையில் வைத்து, எல்லாம் பொருந்துகின்றன என்று கண்டபின் இறுக்குங்கள். 2024 பெப்ரவரி முதல், ஜீமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேற்பட்ட கடிதம் அனுப்புவோருக்கு இம்மூன்றையும் கூகிள் நிறுவனம் கட்டாயமாக்கியுள்ளது. எமது சங்கங்கள் அவ்வளவு அனுப்புவதில்லை. எனினும் சிறியவர்களிடமும் எஸ்.பி.எவ். அல்லது டி.கே.ஐ.எம். ஒன்றேனும் இருக்கவேண்டும் என எதிர்பார்க்கப்படுகின்றது.

சுளகு பிடிக்காதவை

எந்த வடிகட்டியும் பிடிக்காத கடிதம் ஒன்று உண்டு. அறிந்தவரின் பெட்டியைக் களவாகத் திறந்து, அவர் பெயரிலேயே, அவர் நடையிலேயே எழுதப்படும் கடிதம் அது. 'எமது வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த இலக்கத்துக்குப் பணம் போடுங்கள்' என்று அது கேட்கும். முத்திரை பொருந்தும், பட்டியல் பொருந்தும், புள்ளி பூச்சியமாக இருக்கும். இதற்கு மருந்து இயந்திரத்திடம் இல்லை. வங்கி இலக்கம் மாறினால், முன்பு தெரிந்த தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் குரலைக் கேட்ட பின்பே பணம் அனுப்புவது என்று சங்கம் தீர்மானம் நிறைவேற்றட்டும். கடிதத்தில் தந்திருக்கும் இலக்கத்துக்கு அழைப்பது பயன் தராது.

எமது பெட்டியும் களவு போகாதிருக்க, ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் வேண்டும். வசதியிருந்தால் இரண்டு படிச் சரிபார்ப்பையும் இயக்குங்கள். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகிகள் மாறும் அன்றே கடவுச்சொற்களும் மாற வேண்டும். அத்துமீறி ஒருவரது கணக்கினுள் நுழைவது இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டத்தின் கீழ்க் குற்றமாகும். ஏமாற்றப்பட்டால் முதலில் வங்கிக்கும், பின்னர் பொலிசாருக்கும், 101 என்ற இலக்கத்தில் இலங்கைக் கணனி அவசர உதவி அமைப்பான சேர்ட்டுக்கும் அறிவிக்கலாம். வெட்கத்தினால் மறைத்துவிட்டால் அடுத்த குடும்பமும் அதே குழியில் விழும்.

அடுத்த கூட்டத்தில் செய்யக்கூடியது

இவையெல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் மூன்றை மட்டும் முடிவு செய்யுங்கள். பெட்டிகளின் பட்டியலை யார் எழுதுவது? குப்பைப் பெட்டிகளை எந்தெந்த நாளில் யார் பார்ப்பது? வங்கி இலக்கம் மாறினால் யார் அழைத்து உறுதிப்படுத்துவது? கணனி தெரிந்த இளையவர் ஒருவரும், உறுப்பினர் குடும்பங்களின் அலுவல்களை அறிந்த மூத்தவர் ஒருவரும் சேர்ந்து பார்ப்பது நல்லது. எந்தக் கடிதம் யாருடைய காணிக்கு உரியது என்று மென்பொருளுக்குத் தெரியாது. மூத்தவருக்குத் தெரியும்.